தொட்டுப் பார்க்காதவன்

ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. சில விவரங்களை நான் பிழையாக நினைவு வைத்திருக்கலாம். ஆனால் நேரங்கள் சரி. அன்று என் கையில் கடிகாரம் இருந்தது. இது உண்மையில் நடந்தது.

1968, மாசி மாதம். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். சாமியும் இல்லை, பேயும் இல்லை என்று தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய்ப் பேசித் திரிந்த காலம். அந்தத் தோட்டத்துக் காமன் கூத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்ததும் வேஷம் கட்டியவன் மயங்கி விழுவான். கோயிலுக்குள் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். மயக்கம் தெளிந்தாலும் விரதமாகப் படுத்தே கிடப்பான். மூன்றாம் நாள் பூசை செய்து உயிர் எழுப்பும்வரை யாரும் தொடக் கூடாது. பெண்கள் உள்ளே போகவே கூடாது.

அந்த வருடம் காமன், என் சிநேகிதன் ராஜலிங்கம். விடியற்காலை 5.20க்கு விழுந்தான்.

அவன் மனைவி வீரம்மா கோயில் வாசலில் என்னை மறித்தாள்.

"இந்தத் தடவ விழுந்தது வேற மாதிரி, வாத்தியாரய்யா. கொஞ்சம் தொட்டுப் பாருங்க. எங்களுக்குத்தான் ஆகாது. ஒங்களுக்குத்தான் ஒன்னும் கெடையாதே."

கூத்து வாத்தியார் இராமையா முறைத்தார். நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். குனிந்தேன். கையை நீட்டினேன்...

கை போகவில்லை.

பயம். எனக்கு.

"ராஜலிங்கம், நடிச்சது போதும். எந்திரி" என்று மட்டும் கூப்பிட்டேன். துணி அசையவில்லை. வெளியே வந்தேன்.

"தொட்டீங்களா?"

"தொட்டேன். நல்லாத்தான் இருக்கான்."

அவளுக்கு மனம் ஆறவில்லை. விடிந்ததும் தோட்டத்து வைத்தியம் பார்க்கும் மருந்துக்கார ஐயாவைக் கூட்டி வரப் போவதாகச் சொன்னாள்.

6.10. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. இரவு மழை பெய்திருந்தது. நான் நின்று காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கினேன். நான்கு.

பக்கத்தில் ராஜலிங்கம் நின்றான். காமன் வேஷத்தோடு. அவன் வெறுங்காலில் ஓர் அட்டைகூட இல்லை.

"எந்திரிச்சிட்டியா?"

"நீங்கதான கூப்பிட்டீங்க."

நடந்தோம். சலங்கை கட்டியிருந்தான்... சத்தம் இல்லை. என் வாயில் மூச்சு குளிரில் புகையாய் வந்தது. அவன் வாயில் வரவில்லை.

"போயி படுக்கணும்" என்றான். திரும்பிப் போனான்.

ஈரமண்ணில் என் தடம் மட்டும்...

களைப்பு, தூக்கமின்மை என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். நேராக லயத்துக்குப் போனேன். வீரம்மா புறப்பட்டு நின்றாள். மணி 6.25.

"போக வேணாம். இப்பத்தான் என்னோட பேசிட்டுப் போறான்."

அவள் முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குத் துணியை விலக்கினார்கள். அவன் எழவில்லை.

இராமையா சத்தியம் செய்தார். இரண்டு நாளும் வாசலை விட்டு அவர் நகரவில்லை. யாரும் வெளியே போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது அதைவிட மோசம். உயிர் போய்ப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லையாம். என்னோடு பாதையில் நடந்தபோது அவன் உள்ளே உயிரோடு கிடந்தான். முந்திய நாள் இரவு வரைக்கும் கிடந்திருக்கிறான்.

இராமையா அடுத்த வருடம் காலமானார். 1971இல், இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களோடு வீரம்மாவும் கப்பலுக்கு ரயிலேறினாள். கண்டி ஸ்டேஷனில் என் கையைப் பிடித்து, "நீங்க ஒருத்தராச்சும் அன்னிக்குத் தொட்டுப் பாத்தீங்க" என்றாள். நான் மறுக்கவில்லை. அவளிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. நான் கண்டியில் தனியாக இருக்கிறேன்.