பெண்கள் பெட்டியில் ஒரு கொள்ளைக்காரன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தச் சித்திரக்கதை கிடைத்தது. அட்டையில் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு ஒரு கொள்ளைக்காரன், பின்னால் கள்ளிச்செடியும் பாலைவனமும். ஆறாம் வகுப்பில் இதே கதையைக் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் அலுவலகம் கிளம்பினேன்.

எங்கள் வீடு சிட்லபாக்கம். சானடோரியம் ஸ்டேஷன்தான் பக்கம். ஆனால் உட்கார இடம் வேண்டுமென்று, ரயில் கிளம்பும் தாம்பரம் போய்த்தான் ஏறுவேன். அன்று பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பூக்காரப் பெண், மடியில் கூடையை வைத்து மல்லி கட்டிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தைப் பிரித்ததும் எட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, பொம்ம புக்கா? புள்ளைக்கா?”

“இல்லம்மா, எனக்குத்தான்.”

சிரித்துவிட்டார். “எனுக்குப் படிக்க வராது. சத்தமா படியேன், கேட்டுக்கினே கட்டுறேன்.”

முதலில் கூச்சமாக இருந்தது. பல்லாவரம் வருவதற்குள் என் குரல் ஏறிவிட்டது. எதிரே இருந்த கல்லூரிப் பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். வங்கியைக் கொள்ளையடித்தவன் மலைக்குள் ஓடி, ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தான்.

“ஐயோ, குடிக்காதடா!” பூக்காரப் பெண்ணின் கை அப்படியே நின்றது. “மரத்தாண்ட பாருக்கா. தொப்பி தெரியுது.”

உற்றுப் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே ஒரு தொப்பியின் விளிம்பு. பக்கத்தைத் திருப்பினால் அங்கிருந்துதான் அவனைத் துரத்தி வந்த ஷெரீஃப் பாய்கிறார்! அத்தனை முறை படித்தும் என் கண்ணில் அது பட்டதே இல்லை.

“எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“அதான் வரைஞ்சிகீதே.”

என் அலுவலகம் இருக்கும் கிண்டி வந்தது, போனது. நான் இறங்கவேயில்லை. கொள்ளைக்காரன் குதிரையோடு ஆற்றில் குதித்து அக்கரை ஏறியபோது சைதாப்பேட்டை தாண்டியிருந்தது.

“அவன் திருடன்தானே ஆன்ட்டி? மாட்டிக்கணும்ல?” என்றாள் கல்லூரிப் பெண்.

“மாட்டட்டும்மா,” என்றார் பூக்காரப் பெண். “ஆனா இன்னிக்கி வோணாம்.”

மாம்பலத்தில் இறங்கும்போது என் கையில் ஒரு முழம் மல்லியைத் திணித்தார். நானும் இறங்கி, எதிர் ரயில் பிடித்துக் கிண்டிக்குத் திரும்பினேன்.

“ட்ரெயின் லேட்டா மேடம்?” என்று மேனேஜர் கேட்டார்.

“இல்ல சார், கரெக்ட் டைம்தான். நான்தான் இறங்கல.”

அவர் என் தலையிலிருந்த பூவைப் பார்த்தார். வருகைப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார்.