ஐம்பத்தைந்து மார்க் காதர் மைதீன்

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?” என்று கேட்டுவிட்டு, காதர் மைதீன் தேத்தண்ணீரைச் சாசரில் ஊற்றி உறிஞ்சுகிறார். எதிரே இருக்கும் தனசேகரன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். ‘கூட்டுறவின் பயன்கள்’ பற்றித் திங்கட்கிழமைக்குள் கட்டுரை வேண்டும் என்று வந்தவன், மீ கோரெங் சாப்பிட்ட கதையைத் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கிறான்.

“சோத்தப் பத்தியே நாலு வார்த்தை கோவையா வரல. ஒனக்கு அம்பத்தஞ்சு மார்க் போதும்லா.”

“அறுபது கிடைக்காதா பாய்?”

“அறுபது வாங்குனா ஒங்க விரிவுரையாளருக்கு மூக்கு வேர்க்கும். பேசாமப் போ.”

வாரநாளில் அவர் தஞ்சோங் பகார் கிட்டங்கி ஒன்றில் மூட்டைக் கணக்கு எழுதும் கிராணி. சனிக்கிழமை மதியம் ஃபேரர் பார்க் திடலை ஒட்டிய காப்பிக்கடையின் மூலை மேசை அவருடைய இரண்டாவது அலுவலகம். ஒரு கட்டுரைக்குக் கூலி ஐந்து வெள்ளி. தொழில் சுத்தம் என்றால் அவரிடம்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவனுக்கும் அவனவன் செய்யக்கூடிய பிழைகளை அளந்து போடுவார். ஒருவனுக்குப் பத்திக்குப் பத்தி ‘எனவே’ வரும். இன்னொருவனுக்குச் சொன்னதையே மறுபடி சொல்லும் வியாதி.

“நல்லா எழுதறது பெரிய காரியமா? ஒங்கள மாதிரி எழுதணுமே, அதுக்கு நான் எவ்வளவு கஷ்டப்படறேன் தெரியுமா?” என்று மாணவர்களிடமே அலுத்துக்கொள்வார்.

ஒரே வகுப்பில் ஒருவனுக்குச் சினிமா நல்லது என்றும் மற்றவனுக்குக் கெட்டது என்றும் எழுதிக் கொடுத்தவர். அவருக்கென்று உறுதியான கருத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் வீட்டுக்குள். தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்த மகள் உம்மு சல்மா வருடம் முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட வேண்டும். மனைவி ரபியா சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். மகள் மட்டும் ஓயவில்லை.

இந்த நேரத்தில்தான் நூர்தீன் என்ற வாடிக்கையாளனின் கட்டுரை ஒன்று சிவப்பு மையில் ‘சிந்தனை வறட்சி’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவனுக்கென்று அளவெடுத்துச் செய்த வறட்சிதான் அது. இருந்தும் காதர் மைதீனுக்குச் சுருக்கென்றது.

“யாருக்கு வறட்சி? எனக்கா?”

அடுத்த தலைப்பு பெண் கல்வி. ஐம்பத்தைந்து மார்க்கைக் காற்றில் பறக்கவிட்டு, மனிதர் வெளுத்து வாங்கிவிட்டார். கட்டுரை வகுப்பில் முதலாவதாக வந்தது. கல்லூரி ஆண்டு மலரில் நூர்தீன் பெயரோடு அச்சாகவும் செய்தது. பெயருக்குச் சொந்தக்காரனுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் பயிற்சிக்காக அனுப்பப்பட்ட பள்ளியில் அதைப் பிள்ளைகளிடம் காட்டிப் பெருமையடித்துக்கொள்ள அவன் தவறவில்லை. அது உம்மு சல்மாவின் பள்ளி.

ஞாயிறு மாலை காதர் மைதீன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். உம்மு சல்மா பள்ளியில் இரவல் வாங்கிய ஆண்டு மலரோடு வந்து நின்றாள்.

“வாப்பா, எங்க நூர்தீன் சார் எழுதினது. கேளுங்க. ‘மகளின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கும் தகப்பன், அவளுக்குச் சோறு போட்டதைச் சொல்லிக்காட்ட வேண்டாம். கோழிக்கும் அதைத்தான் செய்கிறோம்.’”

அடுப்படியிலிருந்து ரபியாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“இதுக்குப் பதில் சொல்லுங்க வாப்பா. சொல்லிட்டா நான் வீட்டிலேயே இருந்துக்கிறேன்.”

எந்தக் கட்சிக்கும் வாதம் கட்டத் தெரிந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “செலவு ஆகும்லா” என்று ஆரம்பித்தார். அவள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். பதில் அங்கே இருந்தது. “ஊரு நாலு விதமாப் பேசும்” என்றார். அது மூன்றாம் பக்கத்தில். தான் வீட்டில் பேசியதையெல்லாம் எதிரியின் வாதமாக வைத்து, ஒரு பொந்து விடாமல் அவரே அடைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. எழுத்து இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று உள்ளுக்குள் குளிர்ந்ததை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

“இத எழுதினது...” என்று வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். நூர்தீனின் வேலை போகும், தன் தொழிலும் போகும் என்பது ஒரு பக்கம். ‘அப்புறம் ஏன் வாப்பா என்னை நிறுத்துறீங்க?’ என்று மகள் கேட்பாள். அதற்கு எந்தப் பக்கத்திலும் பதில் எழுதியிருக்கவில்லை.

“ஒங்க சார் கெட்டிக்காரர்தான்” என்றார். பிறகு ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “கெளம்பு” என்றார்.

சிராங்கூன் சாலைத் தையற்காரர், உயர்நிலைப் பள்ளிச் சீருடைக்கு உம்மு சல்மாவின் இடுப்பையும் உயரத்தையும் அளந்து முடித்துவிட்டு, “கீழே மடிப்புக்கு எவ்வளவு துணி விடட்டும் பாய்?” என்று கேட்டார்.

“நாலு வருசம் போடப்போறா” என்று சொல்லி, காதர் மைதீன் குனிந்து, மகளின் முழங்காலுக்குக் கீழே தன் நான்கு விரல்களையும் சேர்த்து வைத்துக் காட்டினார்.