வீடியோக்காரருக்கு வசதியான ஞாயிறு

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒரு ஜெர்மன் பெண்மணி. அகதியாக வந்த என் குடும்பத்தை ஊருக்கே திருப்பி அனுப்பப்போவதாகக் கடிதம் வந்தபோது, எங்கள் கோப்போடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதை நிறுத்தியவர். பின்னாளில் குடியுரிமை கிடைத்ததும், "எங்கள் தமிழ்ச் சனத்தின் வாக்கு முழுக்க உங்களுக்குத்தான்" என்று அவரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எங்கள் ஆட்களில் யாருக்கு ஜெர்மன் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்பவன் நான். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு.

அவருடைய மூன்றாவது தேர்தல் வந்தபோது வயதுக்கு வந்த என் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு. சாத்திரியார் இரண்டு ஞாயிறுகள் குறித்துத் தந்தார். ஒன்று தேர்தல் நாள். மற்றதில் வீடியோக்காரருக்கு வேறு கொண்டாட்டம். நான் வீடியோக்காரரின் வசதியைப் பார்த்துத் தேர்தல் நாளையே எடுத்தேன். மண்டபமோ ஒரு மணி நேர ஓட்டத்தில், வேறு நகரத்தில். தபாலில் வாக்களிக்கச் சொல்லி எல்லாருக்கும் நினைவூட்ட இருந்தேன்; பலகாரம் சுடும் அமளியில் அதுவும் மறந்துபோயிற்று.

காலையில் வாக்குச்சாவடியைக் கடக்கும்போது மனைவியின் தம்பி காரை மெதுவாக்கினார்.

"அத்தான், இறங்கிப் போட்டிட்டுப் போவமே?"

"இப்ப நிண்டா நல்ல நேரம் போயிடும். ஆறு மணி வரைக்கும் போடலாந்தானே, பின்னேரம் வருவம்."

நாலு மணிக்கு மண்டப வாசலில் அந்தப் பெண்மணியே பூங்கொத்தோடு நின்றார். தேர்தல் நாளிலும் என் அழைப்பை மதித்து வந்திருந்தார். நிறைந்திருந்த எங்கள் சனத்தைப் பார்த்து, எல்லாரும் வாக்களித்துவிட்டார்களா என்று கேட்டார்.

"காலையிலேயே போட்டுவிட்டோம்" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே எல்லாரையும் காரில் ஏற்றி அனுப்பியிருக்கலாம், நேரம் இருந்தது. சொன்ன பிறகு ஒருவரையும் அசையவிட முடியவில்லை, பொய் பிடிபட்டுவிடுமே. அவர் ஐந்தரை வரை இருந்து, சிரித்தபடி எல்லாரோடும் படம் எடுத்துக்கொண்டார்.

சொற்ப வாக்குகளில் தோற்றார். எங்கள் வாக்குகள் போதுமாக இருந்திருக்குமா என்று இன்றுவரை நான் கணக்குப் பார்க்கவில்லை. பயம்தான்.

அடுத்த வாரம் அவருடைய கடிதம் வந்தது. தோல்வியிலும் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு, அத்தனை வேலைகளுக்கு நடுவிலும் உங்கள் மக்கள் காலையிலேயே எழுந்துபோய் எனக்கு வாக்களித்தார்கள், அதை மறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தார்.

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"பிள்ளைக்கு வாழ்த்தாம்" என்று சொல்லி, கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.