சுவிட்ச் செய்த அறிவித்தல்

எனக்கு வாய் முந்திவிடும். வேலை தெரிந்தவன் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. கல்முனையில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தன.

பிள்ளைகள் பரீட்சைக்கு ஒன்லைனில் பதிந்துகொண்டிருந்த வாரம். பாதிக் கணினிகளில் பக்கம் திறக்கும், மீதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு கணினியைச் சோதித்தேன். வெளியே இணையத்துக்குப் போக அதனிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று எங்கள் ரவுட்டர், மற்றது எதுவென்று தெரியவில்லை. ரவுட்டர் என்பது 'வெளியே போகும் வழி நான்தான்' என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை எல்லாருக்கும் அறிவித்துக்கொண்டிருக்கும். கணினிகள் யார் என்று கேட்காமல் நம்பிவிடும். யாரோ வெளி ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

தேடினால், வரவேற்பு மேசைக்குக் கீழே ஒரு சின்ன ரவுட்டர். அந்த மேசையில் இருந்தவர் பாலமுனையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே சேர்ந்து நாலு மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேசைக்கு வைஃபை எட்டாததால் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்திருந்தார். பணிப்பாளரும் ஆசிரியர்களும் நிற்க, எல்லாவற்றையும் குழப்பியது இதுதான் என்று தூக்கிக் காட்டினேன். இனி வர வேண்டாம் என்று பணிப்பாளர் ராத்தாவிடம் சொல்லிவிட்டார்.

அதைக் கழற்றிய பிறகும் பக்கங்கள் திறக்கவில்லை. கொஞ்சம் நேரமெடுக்கும் என்று சமாளித்தேன். மறுநாள் காலை வேளைக்கே போய் அந்தத் தெரியாத முகவரியை ஒழுங்காகத் தேடினேன். அது எங்கள் சுவிட்சினுடையது. எல்லா வயர்களும் வந்து சேரும் அந்தப் பெட்டிக்கு, அந்த வாரம் தொடங்கும்போது நானே புதிய வகை (IPv6) முகவரி ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு எடுக்க மறந்திருந்தேன். முகவரி கிடைத்ததும் அதுவும் வழி நான்தான் என்று அறிவிக்கத் தொடங்கியிருக்கிறது.

ஒரே வரிக் கட்டளையால் அதன் வாயை அடைக்கலாம். ராத்தாவின் ரவுட்டரை எடுத்தபடியால் சரிவந்தது என்றே எல்லாரும் நினைப்பார்கள். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வாயை அடைத்தாலும், ஏற்கெனவே கேட்ட கணினிகள் அரை மணித்தியாலம் வரை பழையதையே நம்பிக்கொண்டிருக்கும். அறிவித்தலின் ஆயுளைப் பூச்சியமாக்கி, 'இனி நான் வழியில்லை' என்று அந்தச் சுவிட்சே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தேன். பக்கங்கள் திறந்தன. பிறகுதான் அறிவித்தலை நிறுத்தினேன்.

பணிப்பாளரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ராத்தாவைத் திரும்ப வரச் சொல்லுங்கள், மற்றவர்களுக்குச் சொல்லி உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ராத்தாவுக்குப் போன் எடுத்து, பிழை என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு, திரும்ப வேலைக்கு வரும்படி சொன்னேன். ராத்தா கேட்டார்:

"எல்லாரும் நிக்கக்குள்ளதானே தம்பி சொன்ன நீங்க. இப்ப எனக்கிட்ட மட்டும் ஏன் சொல்றீங்க?"

அடுத்த நாள் காலை ஆசிரியர்களையும் பணிப்பாளரையும் அதே வரவேற்பு மேசைக்கு முன்னால் கூப்பிட்டேன். ராத்தா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார்.

"ராத்தாட ரவுட்டர்ல ஒண்டுமில்ல. பிழை என்ட" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, கைப்பையை உள்ளே வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்தார்.