ஏழாவது பாட்டு

நான் குடியிருக்கும் மேற்கு ஜெர்மனிச் சிற்றூரில் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை சத்தம் போடக் கூடாது. ‘மிட்டாக்ஸ்ரூஹெ’ என்று இதற்குப் பெயர். மதிய அமைதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, ரசத்துக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மாள் மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். தட்டியதும் மெதுவாகத்தான். தன் கைக்கடிகாரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மணி கேட்கிறார் போலிருக்கிறது, பாவம், அவர் கடிகாரம் நின்றுவிட்டது என்று எண்ணி நானும் என் கடிகாரத்தைப் பார்த்து, “ஒன்று பத்து” என்றேன். “அதேதான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் திட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்குப் புரிய மூன்று நாள் ஆனது.

எங்கள் சித்தூரில் சத்தத்துக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு வீட்டில் பாட்டு வைத்தால் அது தெருவுக்கே வைத்ததாக அர்த்தம். என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், பணி ஓய்வு பெற்ற கையோடு ஒரு ஸ்டீரியோ செட் சேர்த்தார். ஆம்ப்ளிஃபயரைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மஸ்தான் கட்டிக்கொடுத்தார். ஸ்பீக்கர் பெட்டி இரண்டும் சித்தூர் ஆசாரி மாமரப் பலகையில் செய்தவை. முதல்நாள் பாட்டு வைத்ததும் எதிர்வீட்டு ரெட்டியார் குறை சொல்ல வந்தார். “ஏன் சார், இவ்ளோ மெதுவா வச்சிக்கினு கீறீங்க? எங்க வூட்டுக்குக் கேக்கவே இல்ல!” என்றார். கீழ்வீட்டு அம்மாளையும் ரெட்டியாரையும் ஒரே மாடியில் குடிவைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நைனா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனால் சபையில் அவருக்குப் பெயர் ‘ஆர்கன் சார்’. எங்கள் கோவிலில் வெள்ளைக்கார பாதிரியார்கள் விட்டுவிட்டுப் போன பெடல் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதை வாசித்தவர் நைனாதான். நாங்கள் பாடும் ஞானப்பாட்டுகள் பலவற்றுக்கு மெட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. வார்த்தை தமிழ், மெட்டு அவர்களுடையது. பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலைமேலும் ஜெர்மன் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த மெட்டுகள் பிறந்த நாட்டுக்கே நான் நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது அம்மா அழுதார். நைனா மட்டும் ரகசியமாகச் சந்தோஷப்பட்டார்.

ஏழு வருடத்தில் எனக்கு வந்த கடிதங்களில் நைனா எதுவும் கேட்டதில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு கடிதத்தில்தான் முதன்முதலாகக் கேட்டார். ‘நாம் பாடும் ஈஸ்டர் பாட்டை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்று ஒருமுறை காதால் கேட்டுவிட ஆசை. கேசட் வேண்டாம், நம் வெயிலுக்கு நாடா இழுத்துக்கொள்கிறது. புதிதாக ஏதோ தட்டு வந்திருக்கிறதாமே’ என்று எழுதியிருந்தார். அடியில் ‘முடிந்தால் மட்டும்’ என்று கோடு வேறு போட்டிருந்தார். அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். அடுத்த ஈஸ்டருக்கு லீவு சொல்லிவிட்டு, சம்பளம் வந்த வாரமே சி.டி. பிளேயர் வாங்கக் கிளம்பினேன்.

எங்கள் கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருப்பவர் ஹெர் ஷ்மிட், அதாவது ஷ்மிட் சார். டை கட்டிய, நிதானமான மனிதர். ரேடியோ, கேசட், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய செட்டைத்தான் நான் முதலில் கைகாட்டினேன். ஊரில் அப்பாவிடம் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது என்று சொன்னதும் அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர் இருக்கும்போது தனி பிளேயர்தான் வாங்க வேண்டுமாம். ஒரே ஆள் சமைத்து, பரிமாறி, பாத்திரமும் கழுவினால் எந்த வேலை உருப்படும் என்கிற மாதிரி விளக்கினார். பிறகு கடையின் பின்பக்கம் ஓர் அறைக்கு அழைத்துப் போனார். தரையிலும் சுவரிலும் கம்பளம். கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்கே கேட்டது. பாட்டு கேட்பதற்கென்றே ஓர் அறை! மூன்று பிளேயர்களை வரிசையாக வைத்திருந்தார். தேவாலயப் பாட்டுகள் கொண்ட ஒரு சி.டி.யை எடுத்தேன். ஏழாவதாக எங்கள் ஈஸ்டர் பாட்டு இருந்தது. முதல் பிளேயரில் அதைப் போடச் சொன்னேன்.

பாட்டு அவ்வளவு அழகாகத் தொடங்கியது. மூன்றாவது அடியில் மெட்டு படி ஏறுகிற மாதிரி மேலே போகும். எங்கள் சபையில் இரண்டு படி ஏறியதும் எல்லோரும் சட்டென்று நிற்பார்கள். ஒரு நொடி மௌனம். அந்த மௌனத்தில் ‘டக்’ என்று ஒரு மரச்சத்தம். அது நைனாவின் கால் பெடல் என்று நினைத்திருந்தேன். அதன்பிறகு மொத்த சபையும் உச்ச ஸ்வரத்தைப் பிடிக்கும். ஈஸ்டருக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நைனா பழகுவார். அந்த நிறுத்தம் எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். அந்த பிளேயர் நிற்கவில்லை. நாங்கள் நிற்கிற இடத்தில் நடுவில் ஒரு ஸ்வரத்தைச் செருகிவிட்டு மேலே போனது.

“இந்த மெஷின் கெட்டுப்போயிருக்கிறது” என்றேன். “ஒரு ஸ்வரம் கூடுதலாக வருகிறது.”

ஹெர் ஷ்மிட் தட்டை எடுத்து, பஞ்சுத்துணியால் துடைத்து, இரண்டாவது பிளேயரில் போட்டார். அதிலும் வந்தது. மூன்றாவதிலும் வந்தது. “இதுவும் கெட்டது” என்றேன் நான், கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி. 

“சிஸ்டர், பிளேயர் சில சமயம் ஒன்றை விட்டுவிடலாம். தானாக ஒன்றைச் சேர்க்காது” என்றார் அவர்.

“எங்கள் பாட்டு எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“உங்கள் பாட்டா?” என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவர் ஊர்ப் பாட்டை எங்கேயோ இருந்து வந்தவள் எங்கள் பாட்டு என்கிறாளே என்று பார்த்தார். பிறகு பிளேயரை நிறுத்திவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கம்பள அறையில் நின்றபடி மூன்றாவது அடியைத் தானே பாடினார். தடித்த குரல். அந்த ஸ்வரம் வந்தது. அவர் தொண்டையில் ஒயர் எதுவும் இல்லை.

எனக்கு எங்கள் ஆர்மோனியம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் ஆர்மோனியத்தைத் துடைப்பது என் வேலை. துணியை இழுத்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கட்டையும் முனகும். ஒரே ஒரு கறுப்புக் கட்டை மட்டும் ‘டக்’ என்று மரமாக விழும். ஊமைக் கட்டை என்று அதற்குப் பெயரே வைத்திருந்தேன். அதையும் ஈஸ்டர் பாட்டின் நிறுத்தத்தையும் ஒருநாளும் சேர்த்து யோசித்ததில்லை. இந்த ஊர்க் கோவிலில் கேட்டிருந்தால் எப்போதோ விளங்கியிருக்கும். ஆனால் ஈஸ்டர் அன்று பிள்ளைகுட்டிக்காரர்கள் எல்லாம் லீவு கேட்பார்கள். ஒண்டிக்கட்டையான நான் வார்டில் இருப்பேன். கெட்டுப்போனது பிளேயர் இல்லை, நாங்கள்தான். நைனா இத்தனை வருடம் ஒரு சபை முழுவதற்கும் பாட்டைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவர் வாழ்நாளில் கேட்ட ஒரே ஒரு பொருளை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் அது அவருக்கு இதைத்தான் சொல்லும்.

அன்று வாங்காமல் திரும்பிவிட்டேன். மறுவாரம் போய் ஹெர் ஷ்மிட்டிடம், “ஒரு பாட்டை மட்டும் பாடாமல் தாண்டிப் போகிற பிளேயர் இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதல் பிளேயர்தான் குரலுக்கு நயம், அதை வாங்குங்கள் என்று மன்றாடினார். ஆனால் மூன்றாவதில்தான் எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று பித்தான் அழுத்தி வரிசை சொல்லலாம். அதையும் அந்த சி.டி.யையும் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, கீழ்வீட்டு அம்மாளுக்கு பயந்து ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஆறுக்குப் பிறகு எட்டுக்குத் தாவ வைக்கப் பழகினேன். ஆனால் தனியாக இருக்கும்போது அந்த ஏழாவதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டேன். 

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மெட்ராஸில் இறங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வடமாலபேட்டை தாண்டியதும் மலை தெரிய ஆரம்பித்தது; பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திருப்பதியில் மஸ்தான் கடை வாசலில் நைனா நின்றிருந்தார். சித்தூரிலிருந்து ஆம்ப்ளிஃபயரையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் அவரும் பஸ்ஸில் மடியிலேயே சுமந்து வந்திருந்தார். அங்கே சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தாரா, பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாரா என்று சொல்வது கஷ்டம்.

மஸ்தான் ஒயரின் முனையை வெட்டி, ஆம்ப்ளிஃபயர் துளைக்குப் பொருந்துகிற பின்னைப் பற்றவைத்தார். தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஊசி எங்கம்மா?” என்றார்.

“ஊசி கெடயாதுண்ணா. வெளிச்சத்துலயே படிக்கும்.”

“பாகுந்தி, நல்லா கீது! அப்போ கரண்ட் போனா?”

“கரண்ட் போனா நீங்களும் நானும் கூட இருட்டுல தாண்ணா உக்காந்துக்கினு இருக்கணும்” என்றேன். சொல்லிக்கொண்டே பித்தான்களை அழுத்தி வரிசையைப் போட்டுவிட்டேன். 

பாட்டு எழுந்தது. வெளியே பஸ் ஹாரன், கண்டக்டர்கள் ‘காளஹஸ்தி காளஹஸ்தி’ என்று கூவுகிற சத்தம், மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் பூசி வந்த ஒரு குடும்பம் கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. அவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் அந்தப் பாட்டுகள், கம்பள அறையில் கேட்டதைவிட எனக்கு நன்றாக இருந்தன. நைனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆறாவது பாட்டு முடிந்தது. பிளேயரின் பச்சை எண் மாறியது. நைனா கண்ணைத் திறந்திருந்தார்.

“எஸ்தரு, ஆறுக்கு அப்புறம் எட்டா? கணக்கு வாத்தியாருகிட்டயேவா?”

“ஏழு நல்லா இல்ல நைனா. அது வேணாம்.”

“ஏழு தான் நம்ம பாட்டு. பேரு அட்டையில போட்டுக்குதே” என்று அவரே பித்தானைத் தேடி அழுத்தினார். 

நான் மஸ்தானின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நைனாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்று தரையைப் பார்த்தேன், முடியவில்லை. மூன்றாவது அடி வந்தது. இரண்டு படி ஏறியது. அந்த ஸ்வரம் வந்த அதே நொடியில் நைனாவின் வலதுகை விரல் மேஜைப் பலகையில் விழுந்தது. டக்.

“வந்துச்சி பாத்தியா” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“உனுக்குத் தெரியுமா நைனா?”

“பொஸ்தகத்துல அச்சடிச்சுக்குது, எனுக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு மழையில கோயிலு ஒழுகி அந்தக் கட்ட ஊமையாப் போச்சு. சத்தம் குடுக்கற ரீடு அனுப்பச் சொல்லி உங்க ஊருக்கு ரெண்டு கடுதாசி போட்டேன், வரல. சும்மா வுட்டா அந்த எடத்துல சனங்க ஆளுக்கு ஒண்ணு பாடறாங்க. அதான் நின்னு பாடுங்கன்னுட்டேன். அப்புறம் வேலூர்ல இருந்து ஒருத்தன் சரி பண்றேன்னு வந்தான். சபையில ஒத்துக்கல. பழகிப் போச்சு சார், அப்பிடியே இருக்கட்டும்னாங்க.” மேஜைமேல் இருந்த தன் விரலைப் பார்த்தார். “ஆனா நான் அந்தக் கட்டைய ஒருநாளும் அமுக்காம வுட்டதில்ல. இத்தினி வருசமா எனுக்கு மட்டும் கேட்டுக்கினு இருந்துது. இப்போ தான் காதால கேக்கறேன்.”

கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தபா வை” என்றார். மூன்று தபா வைத்தோம். “நல்லாத்தான் பாடறாங்க. ஆனா மூச்சு வாங்கவே மாட்டேங்கறாங்களே” என்று கடைசியில் குறையும் சொன்னார். அவரை ஏமாற்றப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் என் மனதில் வேறொன்று குத்திக்கொண்டே இருந்தது. ‘உங்க ஊருக்கு’ என்றாரே. ஏழு வருடத்தில் நான் எப்போது அந்த ஊர்க்காரி ஆனேன் என்று சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஈஸ்டர் காலையில் கோவில் நிறைந்திருந்தது. எனக்குத் தெரிந்த அத்தைகள், மாமாக்கள், புதுப் புடவைச் சரசரப்பு. நைனா ஆர்மோனியத்தில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. நான் என் ஊரில், என் ஜனங்களோடு, என் தமிழில் வாய்விட்டுப் பாடினேன். மூன்றாவது அடி. இரண்டு படி. மொத்த சபையும் நின்றது. நான் நிற்கவில்லை. ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டு ஊறிய அந்த ஸ்வரம் என் தொண்டையிலிருந்து தனியாக, கணீரென்று கிளம்பிவிட்டது. முன்வரிசையிலிருந்து அத்தனை தலைகளும் திரும்பின. பக்கத்தில் நின்ற அத்தை என் இடுப்பில் கிள்ளி, “இன்னாடி, பாட்டு மறந்துட்டியா?” என்றார். நைனா திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று கேட்டதற்கு வெயில், வேர்வை என்று மழுப்பிவிட்டார்.

அதற்கடுத்த ஈஸ்டருக்கும் லீவு கேட்டு வாங்கி, முதன்முதலாக ஈஸ்டர் அன்று இந்த ஊர்க் கோவிலுக்குப் போனேன். இரண்டு வரிசை முன்னால் ஹெர் ஷ்மிட் நின்றிருந்தார். பெரிய ஆர்கன், பழுதில்லாத அத்தனை கட்டைகளும். இந்த முறை சரியாகப் பாடிவிட வேண்டும் என்று உறுதியோடு நின்றேன். மூன்றாவது அடி வந்தது. எல்லோரும் அந்த ஸ்வரத்தின் மேல் ஏறிப் போனார்கள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. விரல் முன்பெஞ்சின் பலகையில் விழுந்தது. டக். பக்கத்திலிருந்த கீழ்வீட்டு அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார்.