முழு வருகைப் பரிசு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பதினான்கு வயதுப் பெண் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள்.

இங்கே பர்மாவில், தின்கன்ஜூன் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நான் தமிழ் வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். அடிக்கடி பீற்றிக்கொள்கிறேனே! அன்று பரிசளிப்பு. ஒரு வகுப்பும் தவறாமல் வந்தவர்களுக்கு முழு வருகைப் பரிசு. மூன்று வருடமாக அதை வாங்குவது பையன்கள்தான். நான் மைக்கைப் பிடித்து, "பொம்பளப் புள்ளைங்க இவங்களப் பாத்துக் கத்துக்கணும்" என்று உபதேசம் வேறு செய்தேன். கைதட்டினார்கள்.

முடிந்ததும் பவானி வந்தாள். பிள்ளைகள் என்னை 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள், பர்மியத்தில் டீச்சர். நன்றாகப் பேசுவாள். ஆனால் வருகை குறைவு என்று, வரப்போகும் பேச்சுப் போட்டிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நான் அடித்திருந்தேன்.

"சயாமா, ரெண்டு மாசமா மனப்பாடம் பண்ணினேன். நா வராத நாளப் பாருங்க... மாசத்துல ஒண்ணுதான். அந்த நாள்ல கோயிலுக்குள்ள எப்புடி வர்றது? கிளாஸ் இங்கதானே நடக்குது?"

பதிவேட்டைப் புரட்டினேன். பெரிய பெண்கள் எல்லோருக்கும் அதே கதை. நானும் பெண்தானே — எப்படித் தோன்றாமல் போனது? தோன்றாமல் என்ன! எனக்கு அந்த நாள் வரும் ஞாயிறுகளில் 'தலைவலி' வரும், வகுப்பையே ரத்து செய்துவிடுவேன். எனக்கு யாரும் ஆப்சென்ட் போட்டதில்லை.

வெட்கமாக இருந்தது. போட்டிப் பட்டியலில் அவள் பெயரை அங்கேயே மறுபடி எழுதினேன்.

"அப்ப உங்க வூட்ல கிளாஸ் வைக்கலாமா, சயாமா? அங்கன்னா எல்லாரும் எப்பவும் வரலாம்ல?"

உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. அன்று என் மகளுக்கு இரண்டாம் நாள். கடைசி அறையில் அவளுக்குத் தனிப் பாய், தனித் தட்டு. வைத்தது யார்? நான்தான். மாமியார்கூட ஊரில் இல்லை, பழி போட!

"வைக்கலாம்மா" என்றேன், கொஞ்சம் தாமதமாக.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மகளின் தட்டை எடுத்து எங்கள் தட்டுகளோடு அடுக்கினேன். பெரிய புரட்சி செய்துவிட்ட மிதப்பு!

சாப்பிட வந்தவள் அலமாரியைப் பார்த்துப் பதறிப்போனாள். கிட்டேயே போகவில்லை.

"ஐயோ அம்மா, என் தட்டு மத்ததோட கலந்துடுச்சு... எல்லாத்தையும் திரும்பக் கழுவிடுங்க."

என் மகள் நல்ல மாணவி. பாடம் நடத்தியவள் நான்தானே!