பிளேக் வருஷத்தில் விட்ட பட்டம்

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சேலத்தில் ஒரு கடைவீதிச் சந்தில் நான் தையல் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்கட்டிலேயே குடித்தனம். மனைவி, ஆறு வயதில் ஒரு பெண், நாலு வயதில் ஒரு பையன்.

பிழைப்புக்குத் தையல் என்றால், மனசுக்குப் பட்டம். தைக்க வந்த துணியை ஒதுக்கிவிட்டு மூங்கில் சிம்பைச் சீவ உட்கார்ந்தேனானால், வாசலில் ஆள் வந்து நிற்பது கண்ணில் படாது. காகிதம் ஒட்டுவதற்குக் கூழ் காய்ச்சுவது பெண்ணின் வேலை. வாலுக்குக் கந்தல் பொறுக்குவது பையனின் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவருமாக ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவோம். "மூணு கொழந்தைகளை வெச்சுக்கிட்டு நான் படற பாடு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். மூன்றாவது நான்தான்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் எங்கள் தெருக்கோடியில் எலிகள் செத்து விழ ஆரம்பித்தன. எலி விழுந்தால் அடுத்து மனுஷர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். முதலில் காய்ச்சல். அப்புறம் அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். நெறி கட்டியவர்களில் எழுந்து நடமாடியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போடப் போனார்கள். நானும் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். தைத்துக் கொடுக்க வேண்டிய கல்யாணத் துணி கொஞ்சம் பாக்கி இருந்தது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் கடையைத் திறக்கிறேன், பெண் தையல் மெஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்பா, சத்தம் போடாதீங்க. எலி தூங்குது" என்றாள்.

அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். "தொட்டியா? கண்ணு, நிசத்தைச் சொல்லு, அதைத் தொட்டியா?"

"வாலை மட்டுந்தானுங்க."

அவள் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்து அவள் அழுகிற வரைக்கும் தேய்த்தேன். எலியைச் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். மத்தியானத்துக்குள் மெஷினைத் தவிர மற்றதையெல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வாடகை வண்டி பிடித்துப் புதுச்சத்திரத்துப் பக்கம் என் மனைவியின் அண்ணன் ஊருக்குப் புறப்பட்டோம். மெஷினை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

முன்னாலேயே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்ததால், மைத்துனர் எங்களை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டார். வண்டிக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றபடி பேசினார்.

"மாப்பிள்ளைங்க, கோவிச்சுக்காதீங்க. ஊட்டுல கைப்புள்ள இருக்குது. காட்டுச் சாளையைக் கூட்டி வெச்சிருக்கறேன். அங்க இருந்துக்குங்க. சோத்துக்குக் கொறை வெக்க மாட்டேன்."

அதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். சாளை என்பது சோளக்காட்டின் நடுவே கூரை வேய்ந்த ஒரு கொட்டகை. காலையில் சோற்றுச் சட்டியை வரப்பில் வைத்துவிட்டு மைத்துனர் குரல் கொடுப்பார். அவர் திரும்பி நடந்த பிறகு நான் போய் எடுத்து வருவேன்.

அங்கே எனக்கு வேலை இல்லை. பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. அவள் சோறு தின்கிறாளா, சோர்ந்து உட்காருகிறாளா, இருமுகிறாளா என்று கண்கொட்டாமல் பார்ப்பேன். விளையாடுகிறவளைக் கூப்பிட்டு நெற்றியைத் தொடுவேன். "சும்மா சும்மா எதுக்குங்க தொடறீங்க?" என்று கையைத் தட்டிவிடுவாள். குழந்தைகளுக்கு என் முகத்தைப் பார்த்தே பயம் வந்துவிட்டது என்பதை மனைவிதான் கவனித்தாள்.

"எந்நேரமும் இப்பிடி மொகத்தை வெச்சுக்கிட்டு இருந்தா புள்ளைங்க என்னத்துக்கு ஆகும்? பட்டமாச்சும் பண்ணிக் குடுங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

சோளத்தட்டையைப் பிளந்து சிம்பாக்கினேன். தையல் நூலை மூன்று புரியாக முறுக்கிக்கொண்டேன். அறுவடை முடிந்து கிடந்த காட்டில் காற்றுக்குப் பஞ்சமில்லை. பட்டம் ஏறினதும் நூலைப் பையன் கையில் கொடுப்பேன். அவனை இழுத்துக்கொண்டு போய்விடாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எலியும் நினைவில் இருக்காது, சேலமும் நினைவில் இருக்காது. ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தேன். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்க வேலாமரம், தரையெல்லாம் முள். அங்கே செருப்பில்லாமல் போகக்கூடாது. எங்கள் குழந்தைகளுக்குச் செருப்பே கிடையாது. "வேலியைத் தாண்டினா பட்டத்தை அடுப்புல போட்டுருவேன்" என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு நாள் நூல் அறுந்து பட்டம் வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது பெண்ணின் கையில் இருந்தது.

"யாரு எடுத்தா?"

"பக்கத்துக் காட்டுக்காரரு எடுத்துக் குடுத்தாருங்க" என்றாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு வால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, பையனுக்குக் காய்ச்சல் கண்டது. பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவன் உடம்பு சுடுவது தெரியவில்லை. காலையில் முகம் துடைத்துவிட்ட மனைவி சாளைக்குள்ளிருந்து தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

என் விரலைப் பிடித்துப் பையனின் தொடையிடுக்கில் வைத்தாள். நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. தொட்டதும் அவன் வீறிட்டான்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள்தான் முதலில் பேசினாள். "காலுல எங்கயாச்சும் அடிபட்டிருக்குதா சாமி? சொல்லு. கல்லு, முள்ளு ஏதாச்சும்?" காலில் காயம் பட்டால் நெறி கட்டும் என்பது எந்த வீட்டிலும் தெரிந்ததுதான். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஆட்டினான். பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். செம்மண் படிந்து வெடித்த பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெண் தூணைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றாள். பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. தொரத்தி விட்டுட்டா எங்க போவோம்?" என்றாள் மனைவி.

"சொல்லாம ஆசுபத்திரிக்கு வண்டி எப்படிக் கேக்கறது?"

நான் வரப்புக்குப் போய் நின்றேன். மைத்துனர் சோற்றுச் சட்டியோடு வந்துகொண்டிருந்தார். "மச்சான், அங்கேயே நில்லுங்க" என்று கத்தினேன். "பையனுக்குக் காய்ச்சல். நெறி கட்டியிருக்குது."

அவர் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி நடந்துவிட்டார். அவர் முதுகு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி நடந்துதான் போக வேண்டும். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் நடக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே சாளைக்கு வந்தேன். அவனைப் போர்வையில் சுற்றுகிறபோது மாட்டுச் சலங்கை கேட்டது. மைத்துனர் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, வண்டி பூட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

"ஏறுங்க மாப்பிள்ளை. பெரியாசுபத்திரிக்குப் போயிரலாம்."

மனைவியும் வருகிறேன் என்றாள். பெண்ணை யார் பார்ப்பது? அவளைக் கூட்டிக்கொண்டு வரவும் பயம், விட்டுவிட்டு வரவும் பயம். மஞ்சள் துணியில் காசு முடிந்து பையன் மணிக்கட்டில் கட்டிவிட்டு அவள் நின்றுகொண்டாள். வண்டி நகர்ந்ததும் பெண் "தம்பீ, தம்பீ" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

வழியில் ஓர் ஊர் எல்லையில் முள் வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்திருந்தார்கள். தடியோடு ஆட்கள். பிளேக் கண்டவர்களை அந்த ஊர் வழியாக விடுவதில்லை.

"எங்கிருந்து வாரீங்க? உள்ளார யாரு படுத்திருக்கறது?"

மைத்துனர் எப்போது துண்டை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார் என்பதுகூட எனக்குத் தெரியாது. "புதுச்சத்திரமுங்க. என்ற தங்கச்சி பையன். காலுல முள்ளு ஏறிக்கிச்சு, நடக்க மாட்டேங்கறான். ஆசுபத்திரிக்குக் கொண்டு போறோம்" என்றார்.

"காச்சல் கீச்சல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

என் மடியில் அவன் உடம்பு அடுப்புக்கல் மாதிரிக் கொதித்தது. ஓர் ஆள் வண்டிக்குள் தலையை நீட்டினான். பையன் திடீரென்று தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். நான் அவன் முகத்தை என் நெஞ்சோடு சேர்த்து மறைத்தேன். "வலிக்குதாட்ட இருக்குது, பாவம். விடுங்கப்பா" என்றான் அந்த ஆள். முள்ளை இழுத்து வழிவிட்டார்கள்.

ஊரைத் தாண்டியும் அவன் அழுகை நிற்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்: "மாமனுக்கு யாருங்க சொன்னது? அக்கா சொல்லிட்டாளா?"

"என்னத்தைச் சாமி?"

"முள்ளை."

"மச்சான், வண்டியை நிறுத்துங்க!"

அவன் அழுதுகொண்டே சொன்னான். வேலிக்குள் புகுந்து பட்டத்தை எடுத்தது அவன்தான். குதிகாலில் முள் குத்தியது. அக்கா பல்லால் கடித்து இழுத்தாள். பாதி வந்தது, பாதி வரவில்லை. அப்பாவிடம் சொன்னால் பட்டத்தை அடுப்பில் போட்டுவிடுவார் என்பதால் இருவரும் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

மைத்துனர் செம்புத் தண்ணீரை ஊற்ற, நான் அவன் குதிகாலைத் தேய்த்துக் கழுவினேன். மண் போனதும் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. அமுக்கினேன். அவன் போட்ட சத்தத்தில் மாடுகள் மிரண்டன.

"அட என்ற சாமீ!" என்று மைத்துனர் அவன் தலையைத் தடவினார். பிறகு என்ன நினைத்தாரோ, துண்டை மறுபடியும் மூக்கில் கட்டிக்கொண்டார். "எதுக்கும் டாக்டரு ஒருக்கா பாக்கட்டுங்க."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதே நினைப்புதான். முள் இருக்கிறது, சரி. எலி வாலைத் தொட்டவளோடு ஒரே பாயில் படுத்தவன் இவன். முள்ளும் இருந்து, அதுவும் இருந்தால்? நாமக்கல் மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த பிறகும் வண்டி நகருகிற மாதிரியே இல்லை.

ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விடாமல் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். டாக்டர் அங்கேயே வந்தார். கட்டியைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார். குதிகாலைக் கீறியதும் சீழோடு முள் முனை வெளியே வந்தது. அதைப் பஞ்சில் வைத்து என்னிடம் காட்டினார்.

"நெறி இதனாலதான் கட்டியிருக்கணும். ஆனா நீங்க வந்திருக்கிற இடம் அப்படி. காய்ச்சல் இறங்குதான்னு பார்த்துட்டுத்தான் அனுப்புவேன்."

ஒதுக்குப்புறமாக இருந்த ஒரு கொட்டகையில் எங்களை வைத்தார்கள். மைத்துனர் ஊருக்குத் திரும்பினார். பையனின் காய்ச்சல் மறுநாளே இறங்கத் தொடங்கியது. கட்டியும் கரைந்துகொண்டே வந்தது. ஆனால் என் பயம் இப்போது பெண்ணின் மேல் போய்விட்டது. புதுச்சத்திரத்துப் பக்கமிருந்து எந்த வண்டி வந்தாலும், நமக்குச் சேதி கொண்டு வருகிறார்களோ என்று எழுந்து நிற்பேன். கடைசியில் மைத்துனர் மூக்கில் துண்டில்லாமல் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பொண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. தம்பி எங்க, தம்பி எங்கன்னு ஓயாம கேட்டுக்கிட்டுக் கெடக்குது."

டாக்டர் போகச் சொன்ன அன்று, நேராகக் கடைவீதிக்குப் போனேன். செருப்புத் தைப்பவரிடம் பையனின் பாதத்தை வைத்து அளவு கொடுத்தேன். பெண்ணின் அளவைக் கையால் காட்டினேன். "கொழந்தைகளுக்கா செருப்பு?" என்று அவர் சிரித்தார். அந்த நாளில் அது கொஞ்சம் விசித்திரம்தான்.

சாளைக்கு வந்து சேர்ந்ததும் மனைவி பையனை வாங்கித் தலையிலிருந்து கால்வரைக்கும் தடவிப் பார்த்தாள். பெண் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "நாந்தாங்க பொய் சொன்னேன். தம்பி சொல்லலீங்க, நாந்தான்" என்று விக்கினாள். அவளைத் தூக்கிக்கொண்டேன். "பட்டத்தை நான் அடுப்புல போட மாட்டேன் கண்ணு. எது நடந்தாலும் எங்கிட்டச் சொல்லிப்போடு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மனைவி அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சாளைக்குப் பின்பக்கம் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

பங்குனி வெயில் ஏறினதும் பிளேக் அடங்கியது. சேலத்துக்குத் திரும்பினபோது எங்கள் சந்தில் சில வீடுகள் திறக்கவே இல்லை. யார் யார் என்று மனைவி விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். குழந்தைகள் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தேன். மெஷினைப் பழைய இடத்தில் போட மனம் வராமல் ஜன்னலோரம் மாற்றிப் போட்டேன்.

பல நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏரிக்கரைக்குப் போனோம். மனைவியும் வந்தாள். பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு, அது எழுப்புகிற சத்தத்தைத் தானே கேட்டு ரசித்தபடி நடந்தாள். நூல் என் கையில் இருக்க, பட்டம் ஏறியது. பையன் நூலைத் தொடர்ந்து ஓடினான். கொஞ்ச தூரம் போனதும் செருப்பு தடுக்கியது. இரண்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தான்.

"டேய், செருப்பைப் போடுடா!" என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் நூலை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினேன்.